தெருமுனைக் காப்பிக் கடை

நுழையும் முன்

புதிய ஊருக்குக் குடிபெயர்வோர்க்கு அவ்வூரை அறிமுகப்படுத்துபவை எவை? கோட்டையும் கோயிலும் அருங்காட்சியகமும் அப்பணியைச் செய்கின்றன. தெருமுனையிலுள்ள ஒரு சிறு காப்பிக் கடையும் அதே பணியைச் செய்கிறது. அத்தகைய கடைகளைத் தேடிக் கண்டறியும் இன்பத்தையும் அவற்றின் பின்னுள்ள வரலாற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மாற்றலாகி வந்த வீடு

அரசுப் பணி, இராணுவப் பணி, வங்கி, இரயில்வே எனப் பல துறைகளில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறுகின்றன. லாரியிலிருந்து பெட்டிகள் இறக்கப்பட்டதும் முதலில் பிரிக்கப்படும் பெட்டி பெரும்பாலும் சமையலறைப் பெட்டியே. பித்தளையாலோ எவர்சில்வராலோ ஆன காப்பி ஃபில்டர் அதனுள் இருக்கும். சொந்த ஊரில் வறுத்து அரைத்து வாங்கிய காப்பித் தூளும் உடன் இருக்கும். அத்தூள் தீரும்வரை வீட்டின் காலைப்பொழுது பழைய ஊரின் மணத்தோடுதான் விடியும். தூள் தீர்ந்ததும் வீட்டுப் பெரியவர்கள் தெருவில் இறங்கித் தேடத் தொடங்குவார்கள். உண்மையில் அன்றுதான் அக்குடும்பம் புதிய ஊருக்குள் நுழைகிறது.

இத்தகைய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு விடை கூற இயலாத வினா ஒன்று உண்டு. “உனக்கு எந்த ஊர்?” என்பதே அது. பிறந்த ஊர் ஒன்று. படித்த ஊர்கள் மூன்று. கோடை விடுமுறையில் செல்லும் பாட்டியின் ஊர் மற்றொன்று. “எப்படியும் விட்டுப் போகப்போகிற ஊர்தானே” என்று எண்ணி, வாழும் ஊரைக் கண்ணெடுத்தும் பாராமலே ஆண்டுகளைக் கழித்துவிடும் பிள்ளைகளும் உளர். அவர்கள் அடுத்த ஊருக்குச் செல்லும்போது விட்டுச் சென்ற ஊரைப்பற்றிச் சொல்வதற்கு அவர்களிடம் எதுவும் இருப்பதில்லை. மூன்று ஆண்டு வாழ்வு நினைவில் தங்காமல் போவது சிறிய இழப்பன்று.

இவ்விழப்பைத் தவிர்க்க எளிய வழிகள் பல உள்ளன. அவ்வூருக்கே உரிய ஒரு கடையை, வேறெந்த ஊரிலும் கிளையில்லாத ஒரு கடையைக் கண்டறிந்து, அதற்கு மீண்டும் மீண்டும் செல்வது அவற்றுள் ஒன்று. பெரியவர்கள் அங்குக் காப்பி அருந்தட்டும். சிறுவர்கள் சூடான பாலோ ஒரு வடையோ உண்ணட்டும். காப்பியில் உள்ள காஃபீன் என்னும் பொருள் உறக்கத்தைக் கெடுக்கும் இயல்புடையதாதலால் சிறுவர்கள் அதை மிகுதியாகப் பருகுதல் நன்றன்று. ஆனால் கடையைக் காண்பதற்கும், அங்கு எழும் பேச்சைக் கேட்பதற்கும் வயது வரம்பு இல்லை.

கடல் கடந்து வந்த விதை

காப்பி தமிழரின் பானம் என்று பெருமையுடன் கூறுவோர் பலர். ஆயினும் அது இம்மண்ணில் பிறந்ததன்று. அதன் தாயகம் ஆப்பிரிக்காவின் எத்தியோப்பிய மலைகள். அங்கிருந்து செங்கடலைக் கடந்து ஏமன் நாட்டை அடைந்தது. 15-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுச் சூஃபி ஞானியர், இரவு வழிபாட்டின்போது உறக்கம் வாராதிருத்தற்பொருட்டு அதனைப் பருகினர். ஏமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து அது உலகின் பல திசைகளுக்கும் கப்பலேறியது.

இந்தியாவுக்கு அது வந்த வகைபற்றி வழிவழியாக வழங்கும் செய்தி ஒன்று உண்டு. மெக்காவுக்குப் புனிதப் பயணம் சென்று திரும்பிய பாபா புதன் என்னும் பெரியார், 17-ஆம் நூற்றாண்டில் ஏழு காப்பி விதைகளை ஏமனிலிருந்து மறைத்துக் கொண்டுவந்து, சிக்கமகளூருவை அடுத்த மலையில் ஊன்றினார் என்பர். அம்மலைத்தொடர் இன்றும் அவர் பெயராலேயே பாபாபுதன்கிரி என வழங்குகிறது. இன்று நாட்டின் காப்பி விளைச்சலில் ஏறத்தாழ 70 விழுக்காடு கர்நாடகத்தில் கிடைக்கிறது. கேரளமும் தமிழ்நாடும் அதற்கடுத்த நிலையில் உள்ளன.

தமிழ்நாட்டு வீடுகளில் காப்பி பரவியது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலுமே ஆகும். அதற்கு முன்பு காலையில் பழைய சோறும் நீராகாரமும் உண்டு வேலைக்குச் சென்றவர்கள் தமிழர். புதிய பானம் பழைய வழக்கத்தைக் கெடுப்பதாகக் கண்டித்தோரும் அக்காலத்தில் இருந்தனர். நாளடைவில் அதுவே விருந்தோம்பலின் அடையாளமாக மாறியது. வீட்டுக்கு வந்தவர்க்குக் காப்பி கொடுக்கவில்லை என்பது குறையாகப் பேசப்படும் நிலையும் வந்தது. இம்மாற்றத்தை வரலாற்று அறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி தம் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். காப்பிக்கொட்டையின் வடிவம் குளம்பை ஒத்திருப்பதால் அதற்குக் ‘குளம்பி’ என்னும் தமிழ்ப் பெயரும் ஆக்கப்பட்டது. எனினும் மக்கள் நாவில் நிலைபெற்றது ‘காப்பி’ என்னும் சொல்லே.

கும்பகோணத்துக் காப்பிக்கு அடர்நிறத்தையும் கெட்டித் தன்மையையும் தருவது சிக்கரி. அது ஒரு செடியின் வேர். அவ்வேரை உலர்த்தி, வறுத்து, அரைத்துக் காப்பித் தூளுடன் கலப்பார்கள். அச்செடி மிகுதியாகப் பயிராகும் இடங்கள் குஜராத்தும் உத்தரப்பிரதேசமும் ஆகும். ஜாம்நகரிலோ அலிகாரிலோ வாழும் தமிழ்ச் சிறுவன் ஒருவன், தன் பாட்டி ஊர்க் காப்பியின் ஒரு பகுதி தான் வாழும் வட்டாரத்தில் விளைந்தது என்று அறிந்தால் வியப்படையாமல் இருப்பானா? “நம் ஊர்க் காப்பி” என்று சொல்லப்படும் ஒரு தம்ளரில் எத்தியோப்பியாவும் ஏமனும் கர்நாடகமும் குஜராத்தும் கலந்திருக்கின்றன. பிற நிலத்திலிருந்து வந்து, வந்த இடத்தில் வேரூன்றி, அவ்விடத்துக்கே உரியதாக ஆன பானம் அது.

ஒவ்வொரு கடைக்கும் ஒரு சுவை

சிறு கடைகளைத் தேடிச் செல்வதில் என்ன இன்பம் என்று சிலர் வினவலாம். பெருநிறுவனங்களின் கிளைகள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றனவே. அங்குச் சுவை மாறுவதில்லையே என்பர். அது உண்மையே. சுவை மாறாமை என்பது அவற்றின் சிறப்பு. அதுவே அவற்றின் குறையும் ஆகும். சண்டிகரில் அருந்தியதும் கொச்சியில் அருந்தியதும் ஒன்றே என்றால், அருந்தியவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதை அக்குவளை அவருக்கு உணர்த்துவதில்லை.

தனியார் ஒருவர் தம் குடும்பத்துடன் நடத்தும் கடையில் அவ்வாறன்று. அங்கு ஒவ்வொரு படிநிலையிலும் கடைக்காரரின் முடிவு ஒன்று இருக்கிறது. முதலாவது, கொட்டையின் வகை. அரபிகா மணம் மிக்கது. ரொபஸ்டா கசப்பும் கெட்டியும் மிக்கது. காப்பிப் பழம் ஒன்றனுள் பொதுவாகத் தட்டையான இரு கொட்டைகள் இருக்கும். சில பழங்களில் மட்டும் ஒற்றைக் கொட்டை உருண்டையாக இருக்கும். அதனைப் ‘பீபெரி’ என்று கடைகளில் தனியாக விற்பர். இவற்றை எந்த அளவில் கலப்பது என்பது ஒரு முடிவு. எவ்வளவு நேரம் வறுப்பது, எவ்வளவு நொய்யாக அரைப்பது என்பன அடுத்த முடிவுகள். சிக்கரி சேர்ப்பதா, சேர்ப்பதாயின் எவ்வளவு என்பது வேறொரு முடிவு. சிக்கரி கலந்த தூளில் காப்பியின் பங்கு 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அவ்வெல்லைக்குள் ஒவ்வொரு கடையும் தனக்கென ஓர் அளவை வைத்துள்ளது.

அதன்பின் டிகாக்‌ஷன் இறக்கும் பணி. ஃபில்டரின் மேல்தட்டில் தூளைப் பரப்பி, வட்டத் தகட்டால் மெல்ல அழுத்தி, கொதித்து அடங்கிய நீரைச் சுற்றிலும் ஊற்றி மூடிவைப்பார்கள். அடியிலுள்ள நுண்துளைகள் வழியே அது துளித்துளியாகக் கீழ்க்கலத்தில் இறங்கும். அழுத்தம் மிகுந்தால் துளி இறங்காது, குறைந்தால் நீர்த்துவிடும். அவசரப்படுவோர்க்கு நல்ல டிகாக்‌ஷன் கிடைப்பதில்லை. இறுதியாகப் பால். பொங்கி எழும் பாலையும் டிகாக்‌ஷனையும் சேர்த்து, தம்ளருக்கும் டபராவுக்கும் இடையே உயர்த்தி ஆற்றும்போது நுரை எழும். இத்தனை முடிவுகளும் ஒருவர் கையில் இருப்பதால் அடுத்தடுத்த தெருக்களிலுள்ள இரு கடைகளின் காப்பிகூட ஒன்றாக இருப்பதில்லை. ஆகவேதான் “அந்தக் கடைக் காப்பி” என்று மக்கள் சுட்டிச் சொல்கின்றனர்.

ஊர்தோறும் ஒரு வழக்கம்

பெங்களூருவில் 1980-களில் ‘தர்ஷினி’ என்னும் வகை உணவகங்கள் தோன்றின. அங்கு நாற்காலிகள் இல்லை. உயரமான மேசையருகே நின்றபடியே இட்லியும் காப்பியும் முடித்துக்கொண்டு அலுவலகம் செல்வார்கள். அவ்வூரில் ‘பை டூ காஃபி’ என்னும் வழக்கம் புகழ்பெற்றது. ஒரு காப்பியை வாங்கி இருவர் பகிர்ந்து கொள்வதே அது. காசு குறைவு என்பதற்காக மட்டும் அவ்வாறு கேட்பதில்லை. பேச்சை நீட்டிப்பதற்கும் அது ஒரு வழி. புதிதாக வந்த ஒருவரிடம் உடன் பணிபுரிபவர் “பை டூ சொல்லலாமா?” என்று கேட்டால், நட்பு தொடங்கிவிட்டது என்று பொருள்.

மும்பையின் மாட்டுங்கா பகுதியில் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே வேலை தேடி வந்த தமிழர் வாழ்ந்து வருகின்றனர். அங்குள்ள உணவகங்களுள் பலவற்றை நடத்துவோர் கர்நாடகத்தின் உடுப்பிப் பகுதியைச் சேர்ந்த குடும்பத்தினர். காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடைகளும் அங்கு உண்டு. ஆகவே மாட்டுங்காவில் ஒரு தம்ளர் காப்பி அருந்துபவர், தமிழர் நாவுக்காகக் கன்னட நாட்டார் மராட்டிய மண்ணில் ஆக்கிய காப்பியை அருந்துகிறார்.

கொல்கத்தாவின் கல்லூரித் தெருவில் ஆல்பர்ட் மண்டபம் என்னும் பழைய கட்டடம் உள்ளது. 1942-இல் அங்குக் காப்பி இல்லம் தொடங்கப்பட்டது. சுற்றிலும் பழைய புத்தகக் கடைகள், எதிரில் கல்லூரி, மாடியேறினால் உயர்ந்த கூரையுடைய பெரிய கூடம். பால் சேராத காப்பியை அங்கு ‘இன்ஃபியூஷன்’ என்கின்றனர். ஒரு கோப்பையுடன் பல மணி நேரம் அமர்ந்து இலக்கியமும் அரசியலும் திரைப்படமும் பேசுவது அவ்வூரார் வழக்கம். அப்பேச்சுக்கு ‘ஆட்டா’ என்று பெயர். அங்குக் காப்பி ஆறிப்போவதைப்பற்றி எவரும் கவலைப்படுவதில்லை.

திருவனந்தபுரத்தில் தம்பானூர்ப் பேருந்து நிலையத்தருகே, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த காப்பி இல்லம் ஒன்று உள்ளது. செங்கல்லால் ஆன அக்கட்டடம் சுருள் போல மேலேறிச் செல்கிறது. சரிந்து ஏறும் பாதையின் ஓரமாகவே இருக்கைகளும் மேசைகளும் அமைந்துள்ளன. கேரளத்துக் காப்பி இல்லங்களின் மசாலா தோசையினுள் பீட்ரூட் சேர்ந்த செந்நிற மசாலா இருக்கும். தமிழ்நாட்டின் மஞ்சள் நிற மசாலாவை எதிர்பார்த்துச் செல்லும் சிறுவர்கள் முதலில் திகைப்பார்கள். பிறகு அதையே விரும்பிக் கேட்பார்கள்.

வட இந்திய நகரங்களில் ஃபில்டர் காப்பி அரிது. ஆயினும் அங்குள்ளோர்க்குக் காப்பி தெரியாது என்று எண்ணுதல் தவறு. உடனடிக் காப்பித் தூளுடன் சர்க்கரையும் சில துளி நீரும் சேர்த்து, கரண்டியால் நெடுநேரம் அடித்து, வெண்ணிறம் படர்ந்த நுரையாக்கி, அதன்மேல் சூடான பாலை ஊற்றுவார்கள். குளிர்காலத் திருமண விருந்துகளில் ஆவி சீறும் இயந்திரத்தின் முன் வரிசையில் நின்று பெறும் காப்பியின்மேல் கோகோ தூள் தூவித் தருவார்கள். அது வேறு சுவை; அதனை ஃபில்டர் காப்பியுடன் ஒப்பிட்டுக் குறை காண்பவர் ஓர் இன்பத்தை இழக்கிறார்.

ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கிலும் ஒடிசாவின் கோராப்புட் மலைகளிலும் பழங்குடி மக்கள் காப்பி பயிரிடுகின்றனர். அரக்குக் காப்பி, குடகுக் காப்பி, வயநாட்டுக் காப்பி முதலியவை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றன. நாகாலாந்திலும் காப்பித் தோட்டங்கள் உருவாகியுள்ளன. ஆகவே விசாகப்பட்டினத்திலோ புவனேசுவரத்திலோ கோகிமாவிலோ ஒரு சிறு கடைக்குள் நுழைபவர், “இது எந்த மலையில் விளைந்தது?” என்று கேட்டறியலாம்.

தொழிலாளரே நடத்தும் கடைகள்

மேலே கூறிய கொல்கத்தா, திருவனந்தபுரக் காப்பி இல்லங்களின் பின்னே ஒரு போராட்ட வரலாறு உண்டு. இந்தியக் காப்பிக்கு உள்நாட்டில் சந்தை ஏற்படுத்தும் நோக்கத்துடன் 1936-இல் பம்பாயில் முதல் காப்பி இல்லம் திறக்கப்பட்டது. பின்னர்க் காப்பி வாரியம் நாட்டின் பல நகரங்களில் அவற்றை நடத்தி வந்தது. 1950-களின் நடுவில் அவற்றை மூட வாரியம் முடிவு செய்தது. பணியாளர்கள் வேலை இழந்தனர். அவர்களுள் பலர் சொந்த ஊரை விட்டு வந்து, தொலைதூர நகரங்களில் பரிமாறும் வேலை செய்து, வீட்டுக்குப் பணம் அனுப்பி வந்தவர்கள்.

பொதுவுடைமை இயக்கத் தலைவர் ஏ. கே. கோபாலன் அவர்களுக்கு வழிகாட்டினார். கடைகளைத் தொழிலாளர்களே எடுத்து நடத்துவது என்னும் எண்ணம் அவ்வாறு பிறந்தது. 1957-இல் பெங்களூருவில் காப்பித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அதே ஆண்டு அக்டோபர் மாதம் தில்லியிலும், 1958-இல் கேரளத்தின் திருச்சூரிலும் தொழிலாளர்களின் ‘இந்தியன் காஃபி ஹவுஸ்’ திறக்கப்பட்டது. இன்றும் பல மாநிலங்களில் தனித்தனிக் கூட்டுறவுச் சங்கங்கள் அவற்றை நடத்துகின்றன. பெயர் ஒன்றாயினும் ஒவ்வொரு சங்கமும் தன் ஊருக்கேற்ப உணவையும் முறையையும் அமைத்துக் கொள்கிறது. வெண்ணிறச் சீருடையும் விசிறிபோல விரிந்த தலைப்பாகையும் அணிந்து பரிமாறுபவர், அக்கடைக்கு ஒருவகையில் உரிமையாளரும் ஆவார். இதனை அறிந்தபின் அவர் கொண்டுவந்து வைக்கும் கோப்பையை மதிப்புடன் வாங்காதிருக்க இயலாது.

யாவர்க்கும் ஓர் இருக்கை

காப்பிக் கடையின் வரலாற்றில் பெருமைக்குரியன மட்டுமே உள்ளன என்று கூறவியலாது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் உணவகங்கள் பலவற்றில் சாதி பார்த்தே இடம் அளித்தனர். சிலர்க்கு உள்ளே தனியிடம். சிலர்க்கு வெளியே தனிக் குவளை. சிலர்க்கு நுழையவே இடமில்லை. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இவ்வேறுபாடு இருந்தது. பெரியார் முதலிய தலைவர்கள் இதனை எதிர்த்துப் போராடினர்.

1950-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது உறுப்பு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் நுழைவதற்கு எவரையும் சமயம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டித் தடுக்கலாகாது என்று விதித்தது. அவ்வைந்தனுள் ‘பிறந்த இடம்’ என்னும் சொல் இடம்பெற்றிருப்பதை வெளியூரில் வாழும் பிள்ளைகள் கருத்தில் கொள்ளவேண்டும். வேறு மாநிலத்தில் பிறந்தவர் என்பதற்காக எந்தக் கடையும் ஒருவரை வெளியே நிறுத்தவியலாது. அதுபோலவே, தம் பக்கத்து மேசையில் வந்து அமர்பவர் யார் என்று கேட்கும் உரிமையும் எவர்க்கும் இல்லை. நல்ல காப்பிக் கடை ஒன்றில் நீதிபதியும் ஆட்டோ ஓட்டுநரும் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதைக் காணலாம். காப்பியின் விலை இருவர்க்கும் ஒன்றே.

தேடும் முறை

சிறு கடைகள் பெரும்பாலும் விளம்பரம் செய்வதில்லை. தேடுபவர் தம் புலன்களை நம்பவேண்டும். காலை ஆறு மணிக்குத் தெருவில் நடந்தால் கொட்டை வறுபடும் மணம் வழிகாட்டும். எங்கே நாளிதழ் போடுபவர்களும் நடைப்பயிற்சி முடித்த முதியவர்களும் கூடி நிற்கிறார்களோ, அங்கே நல்ல கடை இருக்கும். அஞ்சல்காரர், ஆட்டோ ஓட்டுநர், பூ விற்பவர் ஆகியோர் அறியாத கடை ஊரில் இராது. அவர்களிடம் கேட்கவேண்டும், கேட்பதற்கு மொழி வேண்டும். இவ்வாறு காப்பியைத் தேடப்போனவர் மொழியையும் கற்கத் தொடங்குகிறார்.

பெங்களூருவில் ‘ஒந்து காஃபி கொடி’ என்று கேட்க வேண்டும். அதில் உள்ள ‘ஒந்து’ தமிழின் ‘ஒன்று’. ‘கொடி’ என்பது ‘கொடுங்கள்’. ஐதராபாத்தில் ‘ஒக காஃபீ இவ்வண்டி’. கொச்சியில் ‘ஒரு காப்பி தரணே’. புனேயில் ‘ஏக் காஃபி த்யா’. கொல்கத்தாவில் ‘ஏக் காப் கஃபி தின்’. இலக்னோவில் ‘ஏக் காஃபி தீஜியே’. தயக்கத்துடன் சொல்லப்படும் முதல் தொடரில் பிழை இருக்கலாம். கடைக்காரர் புன்னகையுடன் அதைத் திருத்திச் சொல்வார். மறுநாள் பிழையின்றிச் சொல்லும்போது அவர் மகிழ்வார்.

பெயர் தெரியாத கடைக்காரரை விளிக்கும் முறையும் கருதத்தக்கது. தமிழ்நாட்டில் ‘அண்ணே’ என்பர்; பெங்களூருவில் ‘அண்ணா’; கேரளத்தில் ‘சேட்டா’; வங்கத்தில் ‘தாதா’; வடநாட்டில் ‘பையா’. இச்சொற்கள் யாவும் உடன்பிறந்தானையே குறிக்கின்றன. மொழி மாறினும் முறை மாறவில்லை. உறவினர் எவரும் இல்லாத ஊரில் ஒரு பிள்ளை முதலில் பெறும் உறவு, சில வேளைகளில், கடைக்காரரை அழைக்கும் இச்சொல்லாகவே இருக்கிறது. தனியாக வெளியே செல்லும் பெண்களும் மாணவிகளும் ஒரு கடையில் அச்சமின்றி அமர முடிகிறதா என்பதும் அக்கடையின் தரத்தை அளக்கும் அளவுகோலாகும்.

சில வாரங்கள் சென்றபின் ஒருநாள், கேட்பதற்கு முன்பே கடைக்காரர் “சர்க்கரை குறைவாகத்தானே?” என்பார். ஒருவார இடைவெளிக்குப் பின் சென்றால் “ஊரில் இல்லையா? உடம்பு நலந்தானே?” என்று கேட்பார். தந்தைக்குச் சர்க்கரை குறைவு என்பதையும் மகளுக்குத் தேர்வு நடக்கிறது என்பதையும் நினைவில் வைத்திருக்கும் ஒருவர் அவ்வூரில் இருக்கிறார். அக்குடும்பம் அவ்வூரில் இல்லாவிடின் அதனைக் கவனிக்கவும் ஒருவர் இருக்கிறார். ஓர் ஊருக்கு உரியவராதல் என்பது பெரும்பாலும் இவ்வளவே.

கடை வாழ்வதும் ஊர் வாழ்வதும்

இத்தகைய கடைகள் என்றும் இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. வாடகை உயர்கிறது, சாலை விரிவடைகிறது, கடைக்காரரின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குச் செல்கின்றனர். பெங்களூருவின் மகாத்மா காந்தி சாலையில் பல்லாண்டுக் காலம் இயங்கிய இந்தியன் காஃபி ஹவுஸ் 2009-இல் அவ்விடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அதன் இறுதி நாள்களில் நகர மக்கள் பலர் வந்து, வழக்கமான மேசையில் அமர்ந்து விடைபெற்றனர். பின்னர் அது அருகிலுள்ள சர்ச் தெருவில் மீண்டும் தொடங்கிற்று. எல்லாக் கடைகளுக்கும் அவ்வாறு வேறிடம் கிடைப்பதில்லை. ஆண்டு முழுவதும் அங்கே காப்பி அருந்தியவர்களே ஒரு கடையைக் காப்பாற்றுகிறார்கள். மூடும் நாளில் மட்டும் வந்து வருந்துவதால் பயனில்லை.

இங்கே வெளியூரிலிருந்து வந்தவர்க்கும் ஒரு பங்கு இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் ஊரிடமிருந்து பெறுபவர்கள் மட்டும் அல்லர். ஊருக்குத் தருபவர்களும் ஆவர். காலையில் ஒரு தம்ளர் காப்பிக்கு அவர்கள் கொடுக்கும் காசால் ஒரு கடையின் அடுப்பு எரிகிறது. அவர்கள் கேட்டதனால் கடைக்காரர் ஒருவர் சிக்கரி குறைந்த தூளையும் வாங்கி வைக்கிறார். அவர்கள் சொன்னதனால் அடுத்த வீட்டுப் பஞ்சாபிக் குடும்பம் முதன்முறையாக ஃபில்டர் காப்பியைச் சுவைக்கிறது. மூன்று ஆண்டுகளே வாழ்ந்தாலும் அவ்வூரின் வாழ்வில் அவர்களுடைய பங்கு சேர்ந்துவிடுகிறது.

ஆகவே, வாழும் ஊர் எதுவாயினும் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பெற்றோருடன் சற்று நடந்து பாருங்கள். பெயர்ப் பலகையின் வண்ணம் மங்கிய, வாயிலில் நான்கு மிதிவண்டிகள் சாய்த்து வைக்கப்பட்ட ஒரு கடை கண்ணில் படலாம். உள்ளே செல்லுங்கள்; அவ்வூர் மொழியில் கேளுங்கள்; சற்று நேரம் அமர்ந்து அங்குள்ளோர் பேசுவதைக் கேளுங்கள். பிறகு ஒருநாள் எவரேனும் “உனக்கு எந்த ஊர்?” என்று வினவினால், ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களைத் தயங்காமல் சொல்லலாம்.

சிந்தித்து விடையளிக்க

1. ‘நம் ஊர்க் காப்பி’யில் பல நிலங்கள் கலந்திருக்கின்றன என்பதைப் பாடத்தின்வழி விளக்குக.

2. காப்பி இல்லப் பணியாளர்கள் வேலை இழந்தபோது மேற்கொண்ட வழி யாது? அது உமக்கு உணர்த்துவது என்ன?

3. அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது உறுப்பில் ‘பிறந்த இடம்’ இடம்பெற்றிருப்பது ஏன் இன்றியமையாதது?

4. நீர் வாழும் ஊரிலுள்ள சிறு கடை ஒன்றுக்குப் பெரியவர்களுடன் சென்று, அதன் உரிமையாளரிடம் அவர் இசைவுடன் ஐந்து வினாக்கள் கேட்டு, விடைகளை ஒரு பக்க அளவில் தமிழில் எழுதுக.